புதுப்பாளையத்து மூதறிஞர்

வடக்கே சேர்வராயன் மலையும் கிழக்கே கொல்லி மலையும் காவல் நிற்க, மேற்கே காவிரி ஓட, இடையே பரந்து கிடப்பது சேலம், நாமக்கல் சமவெளி. காவிரி அருகே ஓடினும் அதன் நீர் முற்காலத்தில் மேட்டு நிலங்களுக்கு எட்டியதில்லை. திருமணிமுத்தாறோ மழைக்காலத்தில் நீர் காட்டி, மற்றைக் காலத்தில் மணல் காட்டும் ஆறு. ஆதலின் வானம் பார்த்த புன்செய்க் காடுகளே அங்கு மிகுதி. கம்பும் சோளமும் நிலக்கடலையும் பருத்தியும் விளையும். மழை பொய்த்தால் அவையும் விளையா. அத்தகைய ஆண்டுகளில் உழவர் முதலில் காளையை விற்பர். பின்னர்க் கடன் வாங்குவர். அதன்பின் விற்பதற்கும் ஒன்றின்றி, வாங்குவதற்கும் வழியின்றி வாடுவர்.

இச்சமவெளியில் திருச்செங்கோட்டிற்கு அண்மையில் புதுப்பாளையம் என்னும் சிற்றூர் உள்ளது. 1925ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வூருக்கு ஒருவர் குடிவந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. சேலத்தில் பெரும்பொருள் ஈட்டிய வழக்கறிஞர் அவர். நகராட்சித் தலைவராய் விளங்கியவர். காங்கிரசின் முன்னணித் தலைவருள் ஒருவர். அவர் ஊரில் உறவினரைக் காண வந்தவர் அல்லர். நிலம் வாங்க வந்தவரும் அல்லர். அவ்வூர் மக்களோடு மக்களாய் வாழவே வந்தார். அவரே பிற்காலத்தில் மூதறிஞர் என்று தமிழகம் போற்றிய சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். இராஜாஜி என்பது அவர்தம் பெயரின் சுருக்கம்.

இராஜாஜி 1878ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் அவ்வூரின் கிராம முன்சீப். ஓசூரிலும் பெங்களூரிலும் பயின்று, சென்னையில் சட்டம் கற்று, 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். கூர்த்த மதியும் சுருங்கச் சொல்லும் திறனும் அவருக்கு விரைவில் புகழ் தேடித் தந்தன. இளமையிலேயே மனைவியை இழந்த அவர், மறுமணம் செய்துகொள்ளாமல் மக்கள் ஐவரையும் வளர்த்தார்.

அறிவியலைத் தமிழிற் சொல்ல இயலுமா என்று கற்றவரே ஐயுற்றிருந்த காலம் அது. அப்பொழுதே, 1916ஆம் ஆண்டில், சேலத்தில் நண்பரோடு கூடிக் கலைச்சொல் ஆக்குதற்கென ஒரு சங்கம் நிறுவியவர் அவர். தமிழ் கற்றோர் இச்செய்தியை மறத்தல் ஆகாது.

1917 முதல் 1919 வரை அவர் சேலம் நகராட்சித் தலைவராய் இருந்தார். அந்நாளில் நிகழ்ந்த ஒன்று அவர்தம் உள்ளப்பாங்கை நன்கு விளக்கும். அக்கிரகாரத்திற்குக் குடிநீர் திறந்துவிடும் பணியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரை அவர் அமர்த்தினார். அவ்வகுப்பினர் தொட்ட நீரைப் பருகலாகாது என்ற கொள்கை அந்நாளில் வேரூன்றியிருந்தது. தெருவே திரண்டு எழுந்தது. எதிர்த்தவர்கள் வேற்றார் அல்லர். அவர் பிறந்த குலத்தினர். நாள்தோறும் முகம் பார்த்துப் பழகும் அண்டை வீட்டார். வேற்றூராரை எதிர்த்து நிற்பது எளிது. ஒரு தெருவில் வாழ்வாரை எதிர்த்து நின்று, மறுநாளும் அதே தெருவில் நடப்பது அரிது. இராஜாஜி தம் ஆணையை மாற்றவில்லை. குழாயில் நீர் வந்தது; குடிப்போரும் குடித்தனர்.

பின்னர்க் காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி வழக்கறிஞர் தொழிலை விடுத்தார். 1921ஆம் ஆண்டு இறுதியில் சிறை புகுந்து, வேலூரில் மூன்று திங்கள் இருந்தார். சிறையிலிருந்து மீண்டவர், மேடைப் பேச்சால் மட்டும் நாடு விடுதலை பெறாது என்று கருதினார். பசித்த ஊர்களில் எவரேனும் சென்று வாழ்தல் வேண்டும் என்று எண்ணினார். அந்த எவரேனும் தாமாகவே இருத்தல் வேண்டும் என்று துணிந்தார்.

புதுப்பாளையத்தின் நிலக்கிழாராகிய இரத்தினசபாபதிக் கவுண்டர் இடம் வழங்கினார். 1925ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6ஆம் நாள் அங்குக் காந்தி ஆசிரமம் தொடங்கப்பெற்றது. அதனைத் தொடங்கிவைத்தவர் ஈரோட்டு ஈ.வெ.இராமசாமிப் பெரியார். சேலத்து நகராட்சிக்கு இராஜாஜி தலைவராய் இருந்த காலத்தில் ஈரோட்டு நகராட்சிக்குத் தலைவராய் இருந்தவர் அவர். அந்நாள் முதலே இருவரும் நெருங்கிய நண்பர். அவ்வாண்டு நவம்பரிலேயே காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரசை விட்டு விலகினார். அதன்பின் இருவர் கொள்கையும் கிழக்கும் மேற்குமாயின. ஆயினும் நட்பு மட்டும் அறவில்லை. இதனைப் பின்னும் காண்போம்.

இராஜாஜி தம் இளைய மக்களுடன் ஆசிரமத்தின் எளிய வீடொன்றில் குடியேறினார். நகரத்து வசதிகளுள் ஒன்றும் அங்கில்லை. தம் துணியைத் தாமே துவைத்தார். தம் வேலையைத் தாமே செய்தார். காந்தியடிகள் அவ்வாண்டிலேயே அங்கு வந்தார்; 1934ஆம் ஆண்டில் மீண்டும் வந்தார்.

ஊரார் அவரை உடனே ஏற்றுக்கொண்டனர் என்று எண்ணுதல் தவறு. நகரத்திலிருந்து பெரியவர் ஒருவர் வந்தால், ஓட்டுக் கேட்க வந்தாரோ, வரி போட வந்தாரோ என்று ஐயுறுவது சிற்றூரின் இயல்பு. நெடுங்காலப் பட்டறிவு கற்பித்த பாடம் அது. அதனைக் குறையென்று சொல்வதற்கில்லை. இவ்வையத்தினும் பெரியதொரு தடை இருந்தது. ஆசிரமத்தில் சேரி மக்களும் மற்றையோரும் ஒருங்கே வாழ்ந்தனர். ஒரே பந்தியில் உண்டனர். இதைக் கண்டு சுற்றுப்புற ஊரார் பலர் முகஞ்சுளித்தனர். ஆசிரமத்தை விட்டு ஒதுங்கி நின்றனர். சேரியாரை வெளியே வைத்திருந்தால் ஊரார் அனைவரும் விரைவில் வந்து சேர்ந்திருப்பர். தொண்டு செய்வதற்கு ஊரின் நல்லெண்ணம் வேண்டுமன்றோ, சிறிது வளைந்து கொடுத்தால் என்ன என்று கேட்பாரும் உலகில் உண்டு. இராஜாஜி வளையவில்லை. ஊரார் வெறுப்பினும் அவர் ஊராரை வெறுத்தாரில்லை. ஒதுங்கி நின்றவர் வீட்டு வாயிலுக்கும் இராட்டையும் பஞ்சும் சென்றன. ஆசிரமத்து மருந்தகம் நோயுற்று வந்தவரிடம் சாதி கேட்கவில்லை. ஊர் என்பது நடுத்தெருவோடு முடிவதன்று, தோட்டத்தையும் வாய்க்காலையும் கடந்து சேரி வரையிலும் செல்வது என்பதை அவர் வாயாற் சொல்லவில்லை. அவ்வாறு நடந்து காட்டினார்.

ஆசிரமத்தின் முதன்மையான தொழில் கதர். உழவுத்தொழில் ஆண்டு முழுதும் வேலை தருவதன்று. மானாவாரி நிலத்தில் அறுவடை முடிந்தபின் பல திங்கள் கை ஓய்ந்திருக்கும். ஆனால் வயிறு ஓய்ந்திருப்பதில்லை. அவ்விடைக்காலத்தைப் பயனுள்ளதாக்குவது எவ்வாறு என்பதே வினா. அப்பக்கத்துப் பாட்டிமார் பலர் இளமையில் நூற்றவர். ஆலைத்துணி வந்தபின் அவர்தம் இராட்டைகள் பரண் ஏறியிருந்தன. அவற்றை இறக்கித் துடைக்கச் செய்தார் இராஜாஜி. இல்லாதார்க்குப் புதியன தந்தார். ஆசிரமத்தார் பருத்தியைக் கொட்டை நீக்கி, பன்னி, பட்டையாக்கிக் கொடுப்பர். பெண்டிர் அதனை வீட்டிற்குக் கொண்டுபோய், சமையலும் மாட்டு வேலையும் போக எஞ்சிய நேரத்தில் நூற்றுச் சிட்டமாக்கிக் கொண்டுவருவர். நூலின் எடையையும் நேர்த்தியையும் நோக்கிக் கூலி அளிக்கப்படும். அந்நூல் உள்ளூர் நெசவாளர் தறியில் ஏறித் துணியாகும்.

கூலி சில அணாக்களே. அதனைக் கேட்டு நகைத்தவர்களும் உண்டு. ஆனால் மழை பொய்த்த ஆண்டில் அடுப்பு எரிவதற்கும் எரியாமைக்கும் இடையே நிற்பது அச்சில அணாக்களே என்பதைப் பட்டினி கண்டவர் அறிவர். மேலும், அது பிச்சையன்று. தன் கையால் ஈட்டிய பொருள். கணவனையும் மகனையும் எதிர்நோக்கி நின்ற பெண்களுக்கு, முதன்முதலாகத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளத்தக்க காசு அது.

அக்காசு வீடு சேர்வதற்குக் குறுக்கே ஒரு பகை நின்றது. அது கள்ளுக்கடை. அந்நாளில் கடைகளை அரசே ஏலம் விட்டுப் பொருள் ஈட்டியது. சந்தை நாளில் கூலி பெற்ற உழைப்பாளி, வீட்டிற்குச் செல்லும் வழியிற் கடையைக் கடந்தே செல்ல வேண்டும். பலரும் கடந்து சென்றிலர். வெறுங்கையோடு வீடு திரும்பிய கணவனையும், பசித்து உறங்கிய குழந்தைகளையும், அடிபட்ட மனைவியையும் இராஜாஜி தம் அயலிலேயே கண்டார். இவற்றைப் புள்ளிவிவரமாகப் படித்தவர் அல்லர் அவர்; தம் வீட்டுத் திண்ணைக்கு வந்து அழுத பெண்களின் வாயிலாகக் கேட்டவர். ஆதலால் அவர்தம் பிற்காலக் கொள்கைகளுள் மதுவிலக்கு ஒன்றே மற்றவற்றினும் ஆழமாய் வேரூன்றி நின்றது. அவர் எழுதிய சிறுகதைகளுள் திக்கற்ற பார்வதி என்பது இத்துன்பத்தையே பொருளாகக் கொண்டது.

ஊர் ஊராகச் சென்று குடியின் தீமையை எடுத்துரைத்ததோடு அமையாது, 1929ஆம் ஆண்டில் விமோசனம் என்னும் திங்கள் இதழையும் ஆசிரமத்திலிருந்து வெளியிட்டார். அதற்குத் துணையாசிரியராய்ப் பணியாற்றிய இளைஞரே பின்னாளிற் கல்கி என்று புகழ்பெற்ற ரா.கிருஷ்ணமூர்த்தி. கதையும் பாட்டும் படமுமாய் வந்த அவ்விதழ் பத்தே இதழ்களோடு நின்றுவிட்டது. 1930ஆம் ஆண்டின் உப்பு அறப்போர் இராஜாஜியை அழைத்துக்கொண்டது. திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்கு அவர் படை நடத்திச் சென்றபோது, தொண்டர் பாடிச் சென்ற நடைப்பாட்டை இயற்றியவர் நாமக்கல் வெ.இராமலிங்கனார் என்பது இச்சமவெளிக்கு உரிய பெருமை.

1937ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் பொறுப்பை ஏற்றார். மாகாண முதலமைச்சரை அந்நாளில் அவ்வாறே அழைத்தனர். பொறுப்பேற்று மூன்று திங்கள் நிறைவதற்குள், அக்டோபர் 1ஆம் நாள், மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மாகாணம் முழுவதிலும் அன்று. முதலில் ஒரே மாவட்டத்தில். அது சேலம் மாவட்டம். தாம் அயலாராய் வாழ்ந்த ஊர்களின் அழுகுரல் அவர் காதைவிட்டு அகலவில்லை போலும். கடையை மூடினால் மட்டும் போதாது, மாலைப்பொழுதைக் கழிக்க வேறு வழியும் வேண்டும் என்பதை உணர்ந்து, ஊர்களில் விளையாட்டும் நாடகமும் பஜனையும் ஊக்குவிக்கப்பட்டன. பின்னர்ச் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கும் மதுவிலக்கு விரிந்தது. இதனால் அரசுக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய 1939ஆம் ஆண்டில் விற்பனை வரி விதிக்கப்பட்டது. வணிகர் சினந்தனர், வரி நிலைத்தது. கடனில் மூழ்கிய உழவரைக் காக்க 1938ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. காளை விற்ற உழவரைத் தம் அயலிற் கண்டவர் அவர் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

அதன்பின் அவர் அடைந்த உயர்வுகளை நாடறியும். 1948ஆம் ஆண்டில் இந்தியாவின் தலைமை ஆளுநரானார்; அப்பதவி ஏற்ற இந்தியர் அவர் ஒருவரே. 1952 முதல் 1954 வரை சென்னை மாநில முதலமைச்சராய் இருந்தார். 1954ஆம் ஆண்டில் பாரத ரத்தினா விருது பெற்றார். அவர் கொண்ட கருத்துகள் பல கடும் எதிர்ப்புக்கு உள்ளாயின. பள்ளிகளில் இந்தியைப் புகுத்தியதும், பின்னர் வகுத்த தொடக்கக் கல்வித் திட்டமும் தமிழகத்தில் பெருங்கிளர்ச்சியை எழுப்பின. அவற்றை முன்னின்று எதிர்த்தவருள் தலையாயவர், ஆசிரமத்தைத் தொடங்கிவைத்த அப்பெரியாரே.

1971ஆம் ஆண்டில் தமிழக அரசு மதுவிலக்கை ஒத்திவைக்க எண்ணியபோது இராஜாஜிக்கு வயது தொண்ணூற்றிரண்டு. கொட்டும் மழையில் அவர் முதலமைச்சர் மு.கருணாநிதியின் இல்லத்திற்குச் சென்று, அது வேண்டாவென்று கேட்டுக்கொண்டார். அரசின் பொருள் நெருக்கடி வேறாக இருந்தது, வேண்டுகோள் நிறைவேறவில்லை. சேலத்துச் சிற்றூரில் தொடங்கிய வழக்கை அவர் இறுதிவரை விடாது நடத்தினார்.

1972ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25ஆம் நாள் இராஜாஜி சென்னையில் மறைந்தார். சுடுகாட்டிற்குத் தொண்ணூற்று மூன்று வயதுடைய முதியவர் ஒருவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்து வந்தனர். நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிவைத்த பெரியார் அவர். கூடியிருந்தோர் காண, அவர் குழந்தைபோல் அழுதார்.

1997ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் மாவட்டம் பிரிந்தபோது, திருச்செங்கோடும் புதுப்பாளையமும் அப்புதிய மாவட்டத்தில் அமைந்தன. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியோடு, ஆசிரமம் தோன்றி நூறு ஆண்டுகள் நிறைந்தன.