சோகைக்கு மருந்து கண்ட லூசி வில்ஸ் அம்மையார்



நம் வீடுகளில் வளர்ந்து வரும் பையன்களைக் கொஞ்சம் கவனியுங்கள். சில பிள்ளைகள் காலையில் எழுப்பினால் எழ மாட்டார்கள். பள்ளி விட்டு வந்ததும் சுருண்டு படுத்துக் கொள்வார்கள். பந்து விளையாடப் போனால் மூச்சு வாங்குகிறது என்பார்கள். உடனே நாம் சோம்பேறிப் பயல் என்று ஏசுகிறோம். அவன் உடம்பில் ரத்தம் போதுமா என்று மட்டும் பார்ப்பதில்லை. ரத்தம் கம்மி என்பது பிள்ளைத்தாய்ச்சிக்கும் வயசுக்கு வந்த பெண்ணுக்கும் வருவது என்றே நினைத்து விடுகிறோம்.

இந்தச் சோகை நோயின் ஒரு பெரிய முடிச்சை அவிழ்த்தவர் லூசி வில்ஸ் என்ற வெள்ளைக்கார அம்மையார். அதை அவர் அவிழ்த்தது பணக்காரர் வீட்டில் அல்ல, நம்மைப் போலக் கூலிக்கு உழைத்த பெண்கள் மத்தியில்தான். ஆகவே அவர் கதையை நாம் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

1888ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகருக்குப் பக்கத்தில் பிறந்தார். வசதியான குடும்பம். கேம்பிரிட்ஜில் செடி கொடிகளைப் பற்றியும் மண், பாறை பற்றியும் படித்தார். 1914ல் முதல் உலகப் போர் மூண்டபோது தென்னாப்பிரிக்காவில் இருந்தார். அங்கே தாதியாகத் தொண்டு செய்தார். அந்த அனுபவத்துக்குப் பிறகு லண்டனில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1920ல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, டாக்டரானார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டராக அவர் இருக்கவில்லை. ஆராய்ச்சிக் கூடத்திலேயே காலத்தைக் கழித்தார்.

1928ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த பெண்கள், பிள்ளை உண்டானதும் கடுமையான சோகை கண்டு வெளுத்துப் போனார்கள். பலர் செத்தும் போனார்கள். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. கிருமியாக இருக்குமோ என்று அம்மையார் தேடினார்; கிடைக்கவில்லை. பிறகு அந்தப் பெண்கள் தினமும் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். எவர் சாப்பாடு மோசமோ அவர்களிடம்தான் நோய் அதிகமாக இருந்தது.

சாப்பாட்டில் ஒன்று குறைந்தாலே மனிதன் சாவான் என்று காட்டிய ஊர்களில் நம் கோலாலம்பூரும் ஒன்று என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1905 கடைசியில் இங்கிருந்த மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்ற டாக்டர், நோயாளிகளை வரிசையில் நிறுத்தி ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்தார். ஒரு பாதிக்குச் சயாம் வெள்ளை அரிசி, மறு பாதிக்குப் புழுங்கல் அரிசி. மற்றச் சாப்பாடெல்லாம் ஒன்றே. ஓராண்டில் வெள்ளை அரிசி தின்றவர்களில் 18 பேர் பெரிபெரி நோயால் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் ஒரு சாவும் இல்லை. நம் முன்னோர் விரும்பி உண்ட புழுங்கல் அரிசியில் இருந்த சத்துதான் காப்பாற்றியது. அந்தச் சத்துக்கு வைட்டமின் பி1 என்று பிற்பாடு பெயர் வந்தது.

பம்பாய்ப் பெண்களுக்குக் குறைந்தது எது? அதைத்தான் லூசி அம்மையார் தேடினார். 1929ல் நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு வந்து வேலையைத் தொடர்ந்தார். 1931ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் பணி செய்தார். அந்தப் பெண்களின் சாப்பாட்டையே எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்கும் சோகை வந்தது. பல மருந்துகளும் கைகொடுக்காத நிலையில், குரங்குக்கு மார்மைட் கொடுத்தார். அது தேறியது! பிறகு பெண்களுக்கும் கொடுத்தார். சில நாட்களிலேயே புது ரத்தம் ஊறத் தொடங்கியது. இன்றைக்கும் நாம் கடையில் வாங்கி, கஞ்சியில் கலந்து கொடுக்கிறோமே, அதே கறுப்புப் பசைதான். விலை உயர்ந்த ஈரல் மருந்தை வாங்க முடியாத ஏழைக்கு மலிவான மருந்து கிடைத்தது. 1931ல் இதை உலகுக்கு அறிவித்தார்.

மார்மைட்டில் இருந்த அந்தச் சத்து எது என்று அப்போது தெரியாது. வில்ஸ் சத்து என்றே அழைத்தார்கள். 1941ல் அமெரிக்காவில் 4 டன் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலையிலிருந்து வந்ததால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945ல் அதைச் செயற்கையாகச் செய்து காட்டிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர், சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அம்மையார் 1947ல் ஓய்வு பெற்றார். திருமணம் செய்து கொள்ளவில்லை. ஓய்வுக்குப் பிறகும் பிஜித் தீவு, தென்னாப்பிரிக்கா என்று ஏழைகளின் சாப்பாட்டை ஆராய்ந்தார். 1964 ஏப்ரல் 16ல் காலமானார்.

அவர் வாழ்க்கை நமக்குச் சொல்வது ஒன்றே. சோகை தலையெழுத்து அல்ல. பெரும்பாலும் தட்டில் இருக்கும் குறை. அந்தக் குறை ஆண் பிள்ளைக்கும் வரும். பன்னிரண்டு வயதுக்கு மேல் பையன் மளமளவென்று வளர்கிறான். சதையும் ரத்தமும் கூடக்கூட இரும்புச் சத்தும் அதிகம் தேவைப்படுகிறது. இந்தியாவில் 2019 முதல் 2021 வரை எடுத்த கணக்கில், 15 முதல் 19 வயதுப் பையன்களில் 100க்கு 31 பேருக்குச் சோகை. அங்கே பள்ளிகளில் பெண்ணுக்கும் ஆணுக்கும் சேர்த்தே வாரம் ஒரு சத்து மாத்திரை கொடுக்கும் திட்டம் உண்டு.

தோட்டத்தில் இருந்தாலும், கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ அடுக்குமாடி வீட்டில் இருந்தாலும், வெறும் மீயும் இனிப்புத் தண்ணீருமாகப் பையன் வயிற்றை நிரப்பினால் ரத்தம் ஊறாது. முருங்கைக் கீரை, பருப்பு, முட்டை, நெத்திலி, மீன், முடிந்தபோது ஈரல், இவை வேண்டும். கீரையைக் குழைய வேக வைத்தால் ஃபோலிக் சத்து வீணாகும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். கொய்யாவோ எலுமிச்சையோ சேர்த்தால் நன்றாகச் சேரும். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்தால் கொக்கிப் புழு ஏறி ரத்தத்தைக் குடிக்கும், செருப்பு அவசியம்.

மார்மைட் எல்லாச் சோகைக்கும் மருந்தாகாது. ஃபோலிக் சத்துக் குறைந்தால் அது உதவும். இரும்புக் குறைக்குப் போதாது. தலசீமியா என்ற பரம்பரை நோயாக இருந்தால், இரும்பு மாத்திரையைக் கண்டபடி விழுங்குவது கெடுதல். ஆகவே முதலில் அரசாங்க கிளினிக்கில் ரத்தம் சோதியுங்கள். 12 முதல் 14 வயதுப் பையனுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தாலும், 15 வயதுக்கு மேல் 13க்குக் கீழே இருந்தாலும் சோகை என்று அர்த்தம். அடுத்த விடுமுறை நாளில் பெண்ணை மட்டும் அல்ல, பையனையும் கூட்டிக் கொண்டு போங்கள்.