எண்ண முடியாததை எண்ண வழி காட்டிய வக்கீல்

நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது, கொல்லிமலை. மேலே போகும் ஒரு பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்த மலையில் பாக்சைட் என்ற கல் கிடைக்கிறது. அலுமினியம் எடுக்கும் கல் அது. மேட்டூரில் 1960-களில் அமைந்த அலுமினிய ஆலைக்கு, கொல்லிமலையில் இருந்து ஒரு காலத்தில் இந்தக் கல் போயிற்று.

ஓர் அலுமினியத் தம்ளரைத் தராசில் வையுங்கள். எடை 54 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் எத்தனை அணுக்கள் இருக்கின்றன?

அணு கண்ணுக்குத் தெரியாது. கையால் எடுக்க முடியாது. அதை எப்படி எண்ணுவது?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இந்தக் கணக்கை இன்று இரண்டே வரியில் போட்டுவிடுகிறார்கள். அதற்கு வழி திறந்தவர், இத்தாலி நாட்டு விஞ்ஞானி அவகாட்ரோ. ஆனால், தாம் சொன்னதை உலகம் ஒப்புக்கொண்ட நாளை அவர் பார்க்கவில்லை!

வக்கீல் வீட்டுப் பிள்ளை

அவகாட்ரோ 1776-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி டூரின் நகரில் பிறந்தார். பிரபுக் குடும்பம். தந்தை சட்ட வல்லுநர். மகனும் சட்டமே படித்தார். 20 வயதில் டாக்டர் பட்டம் வாங்கி, வக்கீல் தொழிலில் இறங்கினார்.

தொழில் நடந்தது. மனம் அதில் ஒட்டவில்லை. 1800-ம் ஆண்டில் கணிதத்தையும் பவுதிகத்தையும் தாமாகவே படிக்கத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது 24. நல்ல வருமானம் தரும் தொழிலை விட்டு, 1809-ல் வெர்செல்லி என்ற ஊரில் கல்லூரி ஆசிரியர் ஆனார்.

சாமைக் கணக்கு

அந்தக் காலத்து விஞ்ஞானிகளுக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள, கொல்லிமலையில் விளையும் சாமையை எடுத்துக்கொள்வோம்.

ஒரு கிலோ சாமையில் எத்தனை மணிகள்? உட்கார்ந்து எண்ண வேண்டியது இல்லை. ஆயிரம் மணிகளை எண்ணி, நிறுத்துப் பார்த்தால் போதும். ஆயிரம் மணி 2 கிராம் என்றால், ஒரு கிலோவில் 5 லட்சம் மணிகள். எடை தெரிந்தால் எண்ணிக்கை தெரிந்துவிடும்.

அணுவுக்கும் இதே வழிதான். ஆனால், எந்த அணு எதைவிட எத்தனை மடங்கு கனம் என்று முதலில் தெரிய வேண்டும். அதிலேதான் குழப்பம்!

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எடைப்படி ஹைட்ரஜன் 1 பங்கு. பிராணவாயு என்னும் ஆக்சிஜன் 8 பங்கு. இங்கிலாந்தில் டால்டன் என்ற பெரிய விஞ்ஞானி இருந்தார். தண்ணீரில் ஓர் ஹைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்திருப்பதாக அவர் நினைத்தார். அப்படியானால் ஆக்சிஜன் அணு 8 மடங்கு கனம் என்று ஆகிறது.

அது தவறு. உண்மையில் 16 மடங்கு! எடை பாதியானால், எண்ணிக்கை இரட்டிப்பாகும். கணக்கு முழுவதும் கெட்டுப்போகும்.

1811-ல் சொன்ன உண்மை

இரண்டு படி ஹைட்ரஜனும் ஒரு படி ஆக்சிஜனும் சேர்ந்தால், இரண்டு படி நீராவி உண்டாகிறது. இதை பிரான்சு நாட்டு விஞ்ஞானி கேலுசாக் சோதனையில் கண்டிருந்தார். மூன்று படி சேர்ந்து இரண்டு படி ஆவது எப்படி? யாருக்கும் விளங்கவில்லை.

அவகாட்ரோவுக்கு விளங்கியது. 1811-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே சூடும் ஒரே அழுத்தமும் இருந்தால், ஒரு படி வாயுவில், அது எந்த வாயுவானாலும், மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம். இதுதான் அவர் கருத்து.

இன்னொன்றும் சொன்னார். ஹைட்ரஜன் அணுக்கள் தனியாக அலைவது இல்லை. இரண்டிரண்டாகச் சேர்ந்து இருக்கின்றன. ஆக்சிஜனும் அப்படியே. ஆக, தண்ணீர் மூலக்கூறில் ஹைட்ரஜன் அணு இரண்டு, ஆக்சிஜன் அணு ஒன்று.

சிக்கல் தீர்ந்தது. ஆனால், யாரும் காது கொடுக்கவில்லை! ஒரே இனத்து அணுக்கள் இரண்டு ஒட்டிக்கொள்ள முடியாது என்று பெரிய விஞ்ஞானிகள் நம்பினார்கள். அவகாட்ரோவோ வெளிநாட்டில் பெயர் தெரியாத ஆசிரியர்.

பறிபோன பதவி

1820-ல் டூரின் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியர் ஆனார். அடுத்த ஆண்டே அங்கு அரசியல் கிளர்ச்சி மூண்டது. அதை ஒட்டி, அவருடைய பதவி பறிபோனது. மீண்டும் அந்த இடம் கிடைத்தது 1834-ல்தான்.

அவர் சண்டை போடவில்லை. விளம்பரம் தேடவில்லை. 1850 வரை பாடம் சொல்லிக்கொடுத்தார். 1856-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி, 79-வது வயதில் காலமானார்.

உலகம் விழித்தது

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1860-ல் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரில் ரசாயன விஞ்ஞானிகள் மாநாடு கூடியது. அணு எடையில் ஆளுக்கு ஒரு கணக்கு! முடிவு ஏற்படவில்லை. அங்கே, இத்தாலியரான கனிசாரோ எழுதிய ஒரு சிறு புத்தகம் எல்லோருக்கும் வழங்கப்பட்டது. அவகாட்ரோ சொன்ன வழியில் போனால் எல்லாக் கணக்கும் சரியாக வரும் என்று அதில் காட்டப்பட்டு இருந்தது. மெல்ல மெல்ல விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டார்கள். கட்டுரை வெளிவந்து சுமார் 50 ஆண்டுகளுக்குப் பிறகு!

தம்ளரில் எத்தனை அணு?

இப்பொழுது நம் தம்ளர் கணக்கைப் போடுவோம்.

கடைக்காரர் 12-ஐ ஒரு டஜன் என்கிறார். அதுபோல, ரசாயனத்தில் 602 கோடி கோடி கோடியை ஒரு மோல் என்கிறார்கள். 6022 என்று எழுதி, பின்னால் 20 பூஜ்யம் போட்டால் அந்த எண் கிடைக்கும்.

அலுமினியத்தின் அணு எடை 27. ஆகவே 27 கிராம் அலுமினியம் ஒரு மோல். தம்ளரின் எடை 54 கிராம். 54-ஐ 27-ஆல் வகுத்தால் 2. அதாவது, 2 மோல். அதை 602 கோடி கோடி கோடியால் பெருக்குங்கள். விடை, சுமார் 1204 கோடி கோடி கோடி அணுக்கள்!

தண்ணீருக்கு 18 கிராம் ஒரு மோல். ஆக்சிஜன் வாயுவுக்கு 32 கிராம். 16 அல்ல, 32! ஏன் தெரியுமா? ஆக்சிஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இருக்கின்றன. அவகாட்ரோ சொன்ன அதே உண்மை.

இந்தப் பெரிய எண்ணை அவர் கண்டுபிடிக்கவில்லை. அது எவ்வளவு என்பதும் அவருக்குத் தெரியாது. பிரான்சு நாட்டு விஞ்ஞானி பெரன் அதைச் சோதனைகளால் கணக்கிட்டு, 1909-ல் அவகாட்ரோ எண் என்று பெயர் வைத்தார். பெரனுக்கு 1926-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2019-ம் ஆண்டு மே 20-ந் தேதி முதல், அந்த எண்ணை வைத்தே மோல் என்ற அளவு உலகம் முழுவதும் வரையறுக்கப்படுகிறது.

வாழ்ந்த காலத்தில் சக விஞ்ஞானிகளே அவரைக் கவனிக்கவில்லை. இன்று பள்ளிக்கூடத்தில் ரசாயனம் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அவர் பெயரை எழுதித்தான் கணக்குப் போடுகிறது.