அயலார் இல்லத்தில் ஸ்ரீநிவாச இராமாநுஜன்

தணிகை மலையின் அடியில் வாழும் நமக்கு அயன்மொழியும் அயல்வழக்கமும் புதியன அல்ல. தமிழும் தெலுங்கும் ஒரே வீதியில் ஒலிக்கக் கேட்டு வளர்ந்தவர் நாம். ஆயினும், நம் பிள்ளைகள் கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து சென்று, முன்பின் அறியாத குடும்பத்தாருடன் ஓரில்லத்தில் உறையப் புகுங்கால், பெற்றோர் நெஞ்சம் கலங்குகின்றது. உணவுக்கு யாது செய்வான், குளிரை எங்ஙனம் தாங்குவாள், நோயுற்றால் அருகிருப்பார் யார் என்னும் வினாக்களோடு அவர்கள் ஆசிரியராகிய நம்மிடமும் வருகின்றனர். அன்னார்க்கு வெறும் அறிவுரை கூறுவதினும், இவ்வினாக்கள் அனைத்தையும் தம் வாழ்வில் எதிர்கண்ட ஒரு பெரியாரின் சரித்திரத்தை எடுத்துரைத்தல் நலமெனத் துணிந்தோம். அவரே கணித மேதை ஸ்ரீநிவாச இராமாநுஜன்.

இவர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்தார்; நம்மூரிற் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணனுக்கு ஏறக்குறைய ஒன்பது திங்கள் மூத்தவர். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் துணிக்கடையிற் கணக்கெழுதுபவர், வருவாய் குறைவு. ஆதலின் தாயார் கோமளத்தம்மாள், அவ்வூர்க் கல்லூரியிற் பயின்ற வெளியூர் மாணாக்கர் சிலரைத் தம் வீட்டில் இருத்தி உணவளித்து, அதனால் வரும் சிறுபொருளைக் குடும்பத்துக்குப் பயன்படுத்தி வந்தார். சிறுவர் இராமாநுஜன் அம்மாணாக்கரிடம் கணக்குகளைக் கேட்டுக் கேட்டு, சின்னாளில் அவர்கள் அறிந்த அனைத்தையும் கற்றுவிட்டார். விருந்தாக வந்தவரால் வீட்டுப் பிள்ளைக்கு விளைந்த நன்மை இது. பிறரைத் தம் இல்லத்தில் ஏற்ற அக்குடும்பத்தின் மகன், பின்னாளில் தாமே பிறர் இல்லத்தில் ஏற்கப்படும் நிலையை அடைந்தார் என்பது கருதத்தக்கது.

கணிதமொன்றிலேயே உள்ளம் தோய்ந்தமையால் ஏனைய பாடங்களில் தவறிக் கல்லூரிப் படிப்பை இழந்தார். 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் திங்களொன்றுக்கு முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக் கணிதப் புலவர் ஹார்டிக்குத் தம் முடிபுகளை எழுதி விடுத்தார். அம்மடல் அவருக்கு இங்கிலாந்தின் வாயிலைத் திறந்தது.

ஆயினும் அக்காலத்து வைதிகக் குடும்பத்தினர்க்குக் கடற்பிரயாணம் ஆகாதது. சென்றவரைச் சுற்றத்தார் விலக்கிவைத்தலும் உண்டு. தாயாரின் இசைவு கிட்டுவது அரிதாயிற்று. கனவிற் கண்ட தெய்வக் குறிப்பால் அவர் இசைந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. 1914-இன் தொடக்கத்தில் சென்னைக்கு விரிவுரையாற்ற வந்த நெவில் என்னும் இளம் கணிதப் புலவர், ஹார்டியின் விருப்பப்படி இராமாநுஜனைக் கண்டு பேசி, செலவுக்கு வேண்டிய ஏற்பாடுகளிலும் துணைநின்றார். சென்னைச் சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது. அதில் ஒரு பகுதி வீட்டுக்குச் செல்லுமாறு செய்துவிட்டே இராமாநுஜன் புறப்பட்டார். குடுமி களைந்து, ஐரோப்பிய உடை தரித்து நிற்கும் கோலத்தைத் தாயும் மனைவியும் காணலாகாதென்று அவர்களை முன்னரே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டு, 1914 மார்ச்சு 17-ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலேறினார்.

ஏப்பிரல் 14-ஆம் நாள் இலண்டன் மாநகரை அடைந்தபோது நெவில் நேரில் வந்து வரவேற்றார். சில நாட்கள் அங்குத் தங்கிய பின், கேம்பிரிட்ஜில் தம் இல்லத்துக்கே அழைத்துச் சென்றார். நெவில் இராமாநுஜனினும் இளையவர். அண்மையில் மணம் புரிந்தவர். அவரும் மனைவியார் ஆலிஸ் அம்மையாரும் அவ்விருந்தினரைத் தம்மவராகவே போற்றினர். இருபத்தாறு ஆண்டு கட்டின்றிப் பழகிய பாதங்களைப் புதிய சோடுகள் வருத்தின. அந்நாட்டுக் காய்கறிகள் நாவுக்குச் சுவைக்கவில்லை. இச்சிறு துன்பங்களை நெவில் குறிக்கொண்டு நோக்கினார். பெரும்புலமையை மதிப்பார் பலர். சோடு கடிக்கும் காலைக் காண்பார் சிலரே. அவ்வில்லத்தில் சுமார் ஆறு வாரம் இராமாநுஜன் வாழ்ந்தார்.

பின்னர், ஹார்டியின் அறைக்கு அணித்தாக இருத்தல் ஆராய்ச்சிக்கு ஏற்றதாகலின், டிரினிடிக் கல்லூரி விடுதிக்குக் குடிபெயர்ந்தார். கல்விக்கு அது நன்று. உடலுக்கு அவ்வாறு அமையவில்லை. புலால் உண்ணா நோன்பினராகிய அவர் பொது உணவுச் சாலையில் உண்ணாது, தம் அறையிலேயே தாமே சமைத்தார். புளியும் தேங்காயெண்ணெயும் ஊரிலிருந்து வருவித்தார். ஆராய்ச்சியில் ஆழ்ந்த நாட்களில் உண்ணும் வேளையும் உறங்கும் வேளையும் முறைதவறின. ஆகஸ்டில் மூண்ட உலகப் போரால் பொருள்கள் அரியவாயின.

ஒருகால் வங்க நாட்டு மாணாக்கர் மகலனோபிஸ் அவர் அறைக்குச் சென்றார். இரவில் குளிருகின்றதென இராமாநுஜன் கூற, படுக்கையை நோக்கினார். கம்பளிகள் யாவும் மெத்தையின்மேல் விரித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றின் உள்ளே புகுந்து உறங்கவேண்டும் என்பதறியாது, இராமாநுஜன் மேலங்கியைப் போர்த்து அவற்றின் மேலேயே படுத்து வந்தார்! மகலனோபிஸ் முறையைக் காட்டிக்கொடுத்தார். எண்களின் மறைபொருள் அறிந்தார்க்குப் படுக்கையின் முறை தெரியவில்லையே என்று நகைப்பது பேதைமை. சொல்லித் தருவார் அருகில் இல்லாத வீட்டில் எவரும் அறியாதவரே.

மற்றொருகால் அவரே விருந்தளித்தார். சாட்டர்ஜி என்னும் நண்பரையும் இரு பெண்மணிகளையும் அழைத்துத் தம் கையாற் சமைத்துப் படைத்தார். அவர்கள் முதலில் விரும்பி உண்டனர். மேலும் மேலும் இரசம் வழங்கியபோது அப்பெண்மணிகள் போதுமென்றனர். தம் உணவை வெறுத்தனர் என்று கருதிய இராமாநுஜன், ஒருவரிடமும் கூறாது வெளியேறி ஆக்ஸ்போர்டு சென்றுவிட்டார்! சில நாட் கழித்துப் பணம் வேண்டித் தந்தி வந்த பின்னரே அவர் இருக்குமிடம் நண்பர்க்குத் தெரிந்தது. தனிமையில் நெடுநாள் வாழும் உள்ளம் எத்துணை மென்மையுறும் என்பதற்கு இஃதொரு சான்று. வீட்டிலிருந்து வரும் மடல்களும் போதிய ஆறுதல் தரவில்லை. மாமியார் மருமகளிடையே மனவேறுபாடு இருந்தமையால் மனைவி ஜானகியின் மடல்கள் அவரைச் சென்றடையாதொழிந்தன.

1917-இல் நோய்வாய்ப்பட்டு மருத்துவமனைகளில் மாறிமாறித் தங்கினார். அக்காலத்து மருத்துவர் க்ஷயம் எனக் கருதினர். பிற்காலத்து ஆராய்ந்தோர் ஈரலைப் பற்றிய அமீபா நோயாதல் கூடும் என்பர். ஆகவே தனிமையே அவரை மாய்த்தது என்று நாம் துணிந்து கூறோம். வேளையறிந்து உணவிட்டு, முகவாட்டம் கண்டு வினவும் ஒரு குடும்பம் உடனிருந்திருப்பின், துன்பம் சிறிதேனும் குறைந்திருக்கும் என்று மட்டும் கூறுவோம். நோயினிடையே பெருஞ்சிறப்புகள் வந்தன. 1918-இல் ராயல் சொஸைட்டி அவரைத் தன் அங்கத்தினராக்கியது. அதே ஆண்டில் டிரினிடிக் கல்லூரியும் பெல்லோவாகத் தேர்ந்தது. 1919 ஜனவரியில் சென்னைச் சர்வகலாசாலைக்கு எழுதுகையில், தமக்குத் தரும் தொகையில் பெற்றோர்க்கும் தம் செலவுக்கும் போக எஞ்சியதை ஏழைச் சிறுவர், அநாதைகளின் பள்ளிச் சம்பளத்துக்கும் நூல்களுக்கும் செலவிடுமாறு வேண்டினார்.

1919 மார்ச்சில் பம்பாய்த் துறையில் இறங்கிச் சென்னை திரும்பினார். பம்பாயிலிருந்து சென்னை செல்லும் இருப்புப்பாதை நம் திருத்தணியைத் தொட்டே செல்வதை இளைஞர் நினைவிற் கொள்க. 1920 ஏப்பிரல் 26-ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில், சேத்துப்பட்டில் உயிர் நீத்தார்.

இச்சரித்திரத்தால் நாம் கொள்ளத்தக்கன மூன்று. அயல்நாடு செல்லும் மாணாக்கர், தம் தேவையை நாணாது கூறுக. போர்வை முறையாயினும் உணவு முறையாயினும் கேட்டறிதல் இழிவன்று. அவ்வில்லத்தார் போதுமென்றால் அது வெறுப்பன்று. அவர் வழக்கமென்று கொள்க. பெற்றோர், பணம் அனுப்பியதோடு கடன் தீர்ந்ததென்று இராது, வீட்டுப் பூசல்களை விலக்கி அன்பான சொற்களை இடையறாது அனுப்புக. நம்மூர் இல்லத்தார்க்கும் ஒரு சொல்: சுற்றுச் சிற்றூர்களிலிருந்து இங்கு வந்து, உறவினர் வீடுகளிலும் அறைகளிலும் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் பலர். கடல் கடந்தாலன்றி ஒருவர் அயலாராகார் என்பதில்லை; பத்துக் கல் தொலைவிலிருந்து வந்த பிள்ளையும் முதல் வாரத்தில் அயலாரே. அவர்கள் உண்டனரா, உறங்கினரா என்று நாள்தோறும் வினவுதல் நமக்கு எளிது. அவர்கட்கோ அது பேருதவி.