குறுவால் எலிகளும் ஓர் அகதி விஞ்ஞானியும்

நாடிழந்த விஞ்ஞானிகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஐன்ஸ்டைனோடு நின்றுவிடுகிறோம். உயிரியலாளர் நன்கறிந்த சலோமி குளூக்சோன் வேல்ஷ் அம்மையாரின் பெயர் நம் வீடுகளை எட்டவில்லை. முலையூட்டிகளின் முளையத்தைப் பரம்பரை அலகுகள் எவ்வாறு உருவாக்குகின்றன என ஆராயும் துறையை நிறுவியவர்களுள் அவர் முதன்மையானவர்.

1907 இல் டான்சிக் நகரில் (இன்று போலந்தின் குடான்ஸ்க்) யூதக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், ஜேர்மனியின் பிறைபேர்க் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஸ்பீமனிடம் பயின்று 1932 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். முளையத்தின் ஒரு துண்டை வெட்டி வேறிடத்தில் ஒட்டினால் என்ன நிகழும் என்பதே ஸ்பீமனின் கேள்வி. அத்துண்டுக்குக் கட்டளையிடுவது எது என்பது மாணவியின் கேள்வியாயிற்று. ஆசிரியருக்கோ பரம்பரை அலகுகளில் நாட்டமிருக்கவில்லை.

1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் கணவர் ருடோல்ஃப் ஷோன்ஹைமருடன் நியூயோர்க் சேர்ந்தார். கணவருக்குக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. இவரோ 1936 இல் அங்கு டன் என்னும் அறிஞரின் ஆய்வுகூடத்தில் ஊதியமின்றித் தொடங்கினார். 17 ஆண்டுகள் உழைத்தும் பேராசிரியர் வரிசையில் இடமளிக்கப்படவில்லை. பட்டச் சான்றிதழ் பெட்டிக்குள்ளும் கைகள் உணவகச் சமையலறையிலுமாக வாழும் நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கருப்பைக்குள் வளரும் முளையத்தில் கத்தி வைக்க அன்று வழியில்லை. ஆகவே, விகாரமடைந்த பரம்பரை அலகையே அவர் கத்தியாகக் கொண்டார். ஓர் அலகு பிழைத்தால் எவ்வுறுப்பு எந்நாளில் தடம்புரள்கிறது என்று முளையங்களை நாள்வாரியாக ஒப்பிட்டார். அவர் ஆராய்ந்தவற்றுள் டான்ஃபோர்த்தின் குறுவால் சுண்டெலி எம்மைப் பெரிதும் கவர்கிறது. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் இவ்விகாரத்தைப் பெற்ற குட்டிக்கு வால் குறுகும். இருவரிடமிருந்தும் பெற்றதற்கோ வாலும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. உணவுக்கால்வாயின் கடைசிப் பகுதி வாயிலின்றி மூடிக்கிடக்கும். பிறந்து ஒரு நாளுக்குள் அது இறந்துவிடும். 1940களில் அவர் இதனை விரிவாக எழுதினார். மனிதரிலும் ஏறத்தாழ 5000 குழந்தைகளில் ஒன்று குதவாயிற் குறைபாட்டுடன் பிறக்கிறது என்பதை எண்ணினால், எலியின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தது வீண்வேலையன்று என்பது புரியும்.

1955 இல் அல்பேர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி அவரை ஏற்றது. 1963 முதல் அங்கே மரபியற் துறைத் தலைவரானார். பிறந்தவுடன் ஈரல் செயலிழந்து மடியும் எலிக்குட்டிகளைப் பற்றிய ஆய்வுகளும் அங்கு நடந்தன. 1993 இல் அமெரிக்காவின் தேசிய அறிவியற் பதக்கம் கிடைத்தது. 2007 நவம்பரில், நூறு வயதைக் கடந்த சில வாரங்களில், நியூயோர்க்கில் காலமானார்.

குறுவாலின் காரணம் அவர் மறைந்தபின் 2013 இல் தெளிவாயிற்று. பழுதுற்ற அலகு எதுவும் அங்கில்லை. இடம்பெயரும் இயல்புடைய டி.என்.ஏ. துணுக்கொன்று, சதையியை உருவாக்கும் பி.ரி.எவ். 1ஏ என்னும் அலகின் அருகே போய்ச் செருகிக்கொண்டிருந்தது. அதனால் அந்த நல்ல அலகு, சதையிக்கு வெளியே, முதுகுநாணிலும் பின்குடலிலும் விழித்தெழுந்து, அங்கு உருவாக வேண்டியவற்றைக் குலைத்தது.