வேரைக் கற்ற வேளாண் அறிஞர்

தோவாளையின் பூந்தோட்டங்களைக் கடந்து மலையடிவாரம் செல்வோர், பாறை வெடிப்புகளில் வேரூன்றி நிற்கும் மரங்களைக் காணலாம். கைப்பிடி மண்ணும் அரிதான இடத்தில் அவை எவ்வாறு வாழ்கின்றன? விடை கிளைகளில் இல்லை. கண்ணுக்குப் புலப்படாத வேர்களில் இருக்கிறது. அவ்வேர்களின் வாழ்வை இந்திய மண்ணைத் தோண்டிக் கற்றவர் ஆல்பர்ட் ஹோவர்ட்.

1873ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் உழவர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றபின், மேற்கிந்தியத் தீவுகளில் பூஞ்சையியல் வல்லுநராகப் பணியாற்றினார். உழவர்க்கு அறிவுரை கூறும் தமக்குப் பயிரிட்டுப் பார்க்கச் சொந்த நிலம் இல்லையே என்னும் குறை அங்கு அவரை வருத்தியது. 1905இல் பீகாரின் பூசா வேளாண் ஆய்வு நிலையத்துக்கு வந்தபோது அக்குறை நீங்கியது. அண்டை உழவர்கள் செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் இன்றி நலமான பயிர் விளைவிப்பதைக் கண்டார்; அவர்களையே தம் ஆசிரியர்களாக ஏற்றார். ஆளும் நாட்டிலிருந்து கற்பிக்க வந்தவர், ஆளப்படும் நாட்டின் உழவரிடம் மாணவரானார்.

அவர்தம் துணைவியார் கேப்ரியல், தாவரச் செயலியல் அறிஞர். இருவரும் இணைந்து கோதுமை ஆய்வில் புகழ்பெற்றனர். மா, கொய்யா, லிச்சி உள்ளிட்ட எட்டு வகைப் பழமரங்களின் வேர்களை, மண்ணை அகற்றி ஹோவர்ட் ஆராய்ந்தார். ஒரே மரத்துக்கு மேல்வேர்த் தொகுதியும் ஆழ்வேர்த் தொகுதியும் இருந்தன. கோடையில் மேல்மண் உலர, மேல்வேர்கள் ஓய்ந்தன. ஆழ்வேர்கள் ஈரம் தேடி இயங்கின. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து கீழ்மண்ணில் காற்றுக் குறைந்தபோது, மேல்வேர்கள் விழித்தெழுந்தன. இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்பத் தன் உழைப்பை வேர் மாற்றிக்கொள்வதை அவ்வாய்வு காட்டியது.

சத்துக் குறைந்த மண்ணில் மரம் தனித்து உழைப்பதுமில்லை. வேரோடு பூஞ்சை இழைகள் கூட்டுச் சேர்கின்றன. வேர் எட்டாத நுண்ணிடங்களிலிருந்து இழைகள் பாஸ்பரசைக் கொணர்கின்றன. மரம் அவற்றுக்குச் சர்க்கரை அளிக்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஃபிராங்க் 1885இல் இதற்கு மைக்கோரைசா எனப் பெயரிட்டார். மட்கிய உரம் பெற்ற தேயிலைச் செடிகளின் வேர்களில் இக்கூட்டு செழித்திருந்ததை, 1937-38இல் இந்தியாவிலும் இலங்கையிலும் மேற்கொண்ட பயணத்தில் ஹோவர்ட் கவனித்தார்.

இதற்கிடையே, 1924இல் இந்தூரில் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கிய அவர், பயிர்க்கழிவையும் சாணத்தையும் அடுக்கி மட்கவைக்கும் இந்தூர் முறையை உருவாக்கினார். 1930இல் கேப்ரியல் மறைந்தார். அடுத்த ஆண்டு தாயகம் திரும்பிய ஹோவர்ட், 1940இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற வேளாண் நூலை அவருக்கே காணிக்கையாக்கினார். செயற்கை உரங்களை அவர் கடுமையாக எதிர்த்தது இன்றும் விவாதத்துக்குரியது. ஆயினும், மண் உயிருள்ளது என்பதை உலகம் உணரச் செய்தவர்களுள் அவர் முதன்மையானவர். இந்தியா விடுதலை பெற்ற சில வாரங்களில், 1947 அக்டோபர் 20ஆம் நாள் அவர் காலமானார்.

எடுத்ததைத் திருப்பித் தருவதே மண்ணுக்கு நாம் செய்யும் கைம்மாறு. தோவாளையில் விலைபோகாமல் வாடும் மலரும், உரக்குழியில் மட்கி நிலம் சேருமாயின், அடுத்த பருவத்தின் வேருக்கு உணவாகும்.