பின்சந்து கேட்ட மருத்துவர்

மருத்துவர் வில்லியம் சிம்சன் 1855ஆம் ஆண்டு பிறந்தார். கல்கத்தா நகரின் சுகாதார அதிகாரியாகப் பணியாற்றிய பின், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியரானார். அக்காலத்தில் சிங்கப்பூரில் காசநோய் முதலியவற்றால் பலர் மாண்டனர். காரணத்தைக் கண்டறிய அரசாங்கம் 1906இல் அவரை வரவழைத்தது.

சிம்சன் நெரிசலான தெருக்களிலிருந்த கடைவீடுகளை ஆராய்ந்தார். அவை முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. மாடிகள் பலகைத் தடுப்புகளால் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பல அறைகளுக்குச் சன்னலே இல்லை, பகலிலும் இருள்தான். பின்வழி இல்லாததால், மலவாளிகளைக்கூட வீட்டின் நடுவே தூக்கிவந்து முன்வாசல் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டியிருந்தது!

குடியிருப்போரின் பழக்கவழக்கங்களே நோய்க்குக் காரணம் என்று அதிகாரிகள் பலர் எண்ணியிருந்தனர். வீடுகள் கட்டப்பட்ட முறையே முக்கியக் காரணம் என்று சிம்சன் 1907ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துக்காட்டினார். வெளிச்சமும் காற்றும் நுழைய, வீட்டு வரிசைகளுக்கு இடையே பின்சந்துகள் அமைக்க வேண்டும் என்றார். சந்து அமைக்க வேண்டுமானால் வீடுகளின் பின்பகுதியை இடிக்க வேண்டும். உரிமையாளர்களுக்கு இழப்பீடும் தர வேண்டும். அதனால் வேலை மெதுவாகவே நடந்தது. 1931இல் சிம்சன் மறைந்தபோதும் அது முடிந்திருக்கவில்லை. சைனாடவுன் கடைவீடுகளின் பின்னால் இன்றும் அத்தகைய சந்துகளைக் காணலாம்.