சென்னையில் கோள் தேடிய கேப்டன்

சூரியனுக்கு அப்பால் வேறொரு விண்மீன் தொகுதியில் ஒரு கோள் இருக்கக்கூடும் என்று 1855-ஆம் ஆண்டிலேயே சென்னையிலிருந்து ஓர் அறிவிப்பு வெளிவந்தது. அறிவித்தவர், நுங்கம்பாக்கத்தில் இயங்கிய சென்னை வானாய்வகத்தின் இயக்குநர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். அவர் சொன்ன கோள் மெய்ப்படவில்லை. எனினும், அளவீட்டின் துணைகொண்டு புறக்கோளைத் தேடிய முன்னோடிகளின் வரிசையில் அவருக்கு இடமுண்டு.

1813-இல் இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார் ஜேக்கப். சிந்து மாகாணத்தில் ஜேக்கபாபாத் நகரை நிறுவிய ஜான் ஜேக்கப் இவருடைய தமையனார். அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் பயின்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய் பொறியாளர் படையில் சேர்ந்து, 1831-இல் இந்தியா வந்தார். பகலில் நில அளவை, இரவில் வான் அளவை என்று அமைந்தது அவரது வாழ்க்கை. 1842-இல் புணேயில் தனக்கென ஒரு வானாய்வகத்தை அமைத்துக்கொண்டார். அங்கு அவர் பார்த்த 244 இரட்டை விண்மீன்கள் ஒரு பட்டியலாக வெளிவந்தன. 1848-இல் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பு அவரைத் தேடி வந்தது.

வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பல விண்மீன்கள், தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிந்து தெரியும். ஒன்றையொன்று சுற்றிவரும் இத்தகைய இணைகளே இரட்டை விண்மீன்கள். இந்த ஆய்வுக்கும் நம் மண்ணுக்கும் பழைய தொடர்பு உண்டு. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் அண்டையிலுள்ள புதுச்சேரியிலிருந்து, 1689 டிசம்பரில் ஒரு வால்மீனை நோக்கிக் கொண்டிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ழான் ரிஷோ, ஆல்ஃபா சென்டாரி ஒற்றை விண்மீன் அல்ல, இரட்டை என்று கண்டறிந்தார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், அவ்விரண்டின் சுற்றுப்பாதையைக் கணிக்க முற்பட்டவர்களுள் ஜேக்கப்பும் ஒருவர்.

சென்னையில் அவர் கருத்தைக் கவர்ந்தது, ஓபியூக்கஸ் விண்மீன் கூட்டத்தின் 70-ஆம் எண் விண்மீன். பூமியிலிருந்து சுமார் 17 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இந்த இணை, ஏறத்தாழ 88 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. கணக்கிட்ட பாதைக்கும் கண்ட இடத்துக்கும் இடையே சிறு முரண்பாடு இருப்பதை ஜேக்கப் கவனித்தார். கண்ணுக்குப் புலப்படாத ஒரு கோளின் ஈர்ப்பே அதற்குக் காரணமாகலாம் என்று தக்க எச்சரிக்கையுடன் எழுதினார். பின்னர் அமெரிக்கரான தாமஸ் சீ அதே விண்மீனுக்குப் புலப்படாத துணையொன்று உண்டு என்று வாதிட்டபோது, அத்தகைய பாதை நிலைத்திராது என்று ஃபாரஸ்ட் மோல்டன் 1899-இல் நிறுவினார். இன்றுவரை அங்கு கோள் எதுவும் உறுதிசெய்யப்படவில்லை.

ஜேக்கப்புக்குப் பெருந்தடையாக இருந்தது நம் தலைக்கு மேலுள்ள காற்றுதான். அது அலைவதால் விண்மீனின் உருவம் நடுங்கி மங்குகிறது. நெருங்கிய இரு புள்ளிகளைப் பிரித்து அளப்பது அதனால் கடினமாகிறது. இன்றைய வானியலாளர்களும் இதே இடரைச் சந்திக்கின்றனர். கோள் ஒன்று விண்மீனின் முன்னே கடக்கும்போது ஒளி எவ்வளவு குறைகிறது என்பதைக் கொண்டே அக்கோளின் பருமனை அளக்கிறார்கள். அருகில் அறியப்படாத துணை விண்மீன் இருந்தால், அதன் ஒளியும் கலந்து கணக்கைப் பிழையாக்கிவிடும். இரு விண்மீன்களும் சமமான ஒளியுடையவை என்றால், கோளின் உண்மையான விட்டம் அளந்ததைப் போல் 1.4 மடங்காக இருக்கும். பூமியை ஒத்த பாறைக்கோள் என்று எண்ணியது வாயுக்கோளாகவும் இருக்கலாம்.

ஆகவே, ஒரு கோளை அறிவிக்கும் முன் அதன் தாய் விண்மீன் தனித்திருக்கிறதா என்று நுண்பிரிதிறன் படங்கள் கொண்டு சோதிக்கிறார்கள். நொடியில் சிறு பங்கே நீடிக்கும் ஆயிரக்கணக்கான படங்களை எடுத்துக் கணினியில் தொகுப்பது ஒரு முறை. காற்றின் அலைவுக்கேற்பக் கண்ணாடியின் வடிவத்தையே நொடிக்குப் பலநூறு முறை மாற்றுவது மற்றொரு முறை. விழுப்புரத்தில் வைத்த ஒரு ரூபாய் நாணயம், நேர்கோட்டில் சுமார் 37 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டிவனத்திலிருந்து எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, அந்த அளவு இடைவெளியையும் இப்படங்கள் பிரித்துக் காட்டுகின்றன.

இந்த வசதி எதுவும் இல்லாத ஜேக்கப், காற்றுக்கு மேலே செல்ல நினைத்தார். நலிந்த உடல்நிலையால் 1859-இல் சென்னைப் பதவியைத் துறந்து தாயகம் திரும்பிய பிறகும் அவர் ஓயவில்லை. புணேக்கு அருகே மலைமீது ஒரு வானாய்வகம் அமைக்கத் திட்டமிட்டார். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1,000 பவுண்டு ஒதுக்கியது. ஒன்பது அங்குலத் தொலைநோக்கியுடன் 1862 ஆகஸ்டில் பம்பாயில் வந்திறங்கியவர், சில நாள்களிலேயே புணேயில் காலமானார். அப்போது அவருக்கு வயது 48.

முடிவு பிழையாகலாம் என்பதை அறிந்தே, பிறர் சரிபார்க்கும் வகையில் தன் அளவீடுகளை முன்வைத்தவர் ஜேக்கப். ஒரு விண்மீனில் கோளைத் தேடுபவர், முதலில் அதன் துணையை அறிந்தாக வேண்டும் என்ற பாடமும் அவர் தொடங்கி வைத்த விவாதத்தில் அடங்கியிருக்கிறது. சென்னை வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. நம் பள்ளி மாணவர்களை அங்கு அழைத்துச் சென்று, இந்த வரலாற்றைச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை.